அம்மா வீட்டு வாசலில் கழற்றிய சப்பாத்து

ஏறத்தாழ முப்பது வருடம் நான் மற்றவர்களுக்காக நடந்து பிழைத்தேன். இதைத் தத்துவமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் வேலையே அதுதான். திரையில் ஒருவர் நடப்பார். அவருடைய காலடிச் சத்தம் படத்தில் இருக்காது, இருந்தாலும் உதவாது. மொன்றியலில் ஒரு இருட்டறைக்குள், மைக்குக்கு முன்னால், அவருக்குப் பதிலாக நான் நடப்பேன். கொலைகாரர்களாக நடந்திருக்கிறேன். கன்னியாஸ்திரிகளாக, கர்ப்பிணிகளாக, ஒருமுறை குதிரையாகவும் நடந்திருக்கிறேன். அதிகப் பாராட்டு குதிரைக்குத்தான் கிடைத்தது.

போன மாதம் ராகவன் தொலைபேசியில் வந்தான். சென்னைக்காரன். என்னோடு ஒலிப்பதிவாளராக வேலை செய்தவன், இன்னும் அதே வேலையில் இருப்பவன்.

"சார், இப்ப கம்ப்யூட்டரே நடக்குது சார். படத்தப் போட்டா போதும். யாரு, எந்தத் தரை, எவ்வளவு வெயிட்டு, எல்லாத்தையும் அதுவே கண்டுபுடிச்சு சத்தம் போட்டுடுது."

"தடக்கி விழுமோ?"

"விழாது சார். தப்பே பண்ணாது."

"அப்ப அது நடையில்லை, தம்பி."

சிரித்தான். பிறகு, "நம்ம சங்க மலருக்கு அந்த ஐஸ்காரன் மேட்டர எழுதிக் குடுங்க சார்" என்றான். மலரில் ஓய்வுபெற்றவர்கள் எழுதும் கட்டுரைகளை நான் விடாமல் வாசிப்பவன். எல்லோரும் கஷ்டப்பட்டு உயர்ந்திருக்கிறார்கள். நான் கடைசிவரை ஐந்தடி மூன்றங்குலம். இருந்தாலும் ராகவன் கேட்டுவிட்டான்.

நான் எப்படி இந்த வேலைக்கு வந்தேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அகதியாக வந்து இறங்கிய புதிதில் மொன்றியலின் சென்ட் லோரன்ட் பகுதியில் ஒரு கட்டடத்தில் கூட்டித் துடைக்கும் வேலை கிடைத்தது. ஒரு பக்கம் மருந்துக் கிடங்கு, மறுபக்கம் விமானப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை. இரண்டுக்கும் நடுவில், இரண்டு யானைகளுக்கு இடையில் அகப்பட்ட ஆட்டுக்குட்டி மாதிரி, மதாம் லுசீலின் ஒலிப்பதிவுக்கூடம். ஒருநாள் அதன் வாசலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. கழுத்தில் ஹெட்போனோடு மதாம் வெளியே வந்தார். என் காலடி அவர்களுடைய பதிவுக்குள் போய்விட்டதாம். வேலை போயிற்று என்று நினைத்தேன்.

"திரும்ப நடவும்," என்றார்.

நடந்தேன்.

"இன்னும் கொஞ்சம் கவலையோட நடவும்."

என் அகதி வழக்கு அப்போது முடிந்திருக்கவில்லை. கவலைக்கு என்ன பஞ்சம்? அன்றைக்கே ஒரு தொலைக்காட்சித் தொடரில், மனைவியை இழந்த ஒருவர் ஆஸ்பத்திரி வாசலில் நடக்கும் நடை என்னுடையதாயிற்று. ஊரில் என் அப்பு, "காலை இழுத்திழுத்து நடக்காதை, மூதேவி" என்று திட்டிய அதே நடை.

இங்கே ஒரு குறிப்பு. மதாம் பேசியது கெபெக் பிரெஞ்சு. ஆனால் எனக்கு அது காதுக்குள் போகும்போதே யாழ்ப்பாணத் தமிழாக மாறிவிடும். அப்படியே தருகிறேன். அப்போதுதான் அவருடைய கோபத்தின் ருசி சரியாக வரும்.

என் மனைவி வசந்தி சொந்தக்காரர்களிடம், "இவர் சவுண்ட் எஞ்சினியர்" என்று சொல்லிவைத்தாள். என்னிடம் சொன்னது வேறு. "சோளமாவை மிதிக்கிறதுக்குச் சம்பளம் தாறாங்கள். இந்த நாடு உருப்படும் எண்டே நினைக்கிறியள்?"

சோளமா உண்மைதான். பனியில் நடக்கும் சத்தத்துக்கு, துணிப்பைக்குள் சோளமாவை நிரப்பி அமுக்க வேண்டும். வெளியே முழங்கால் உயரத்துக்கு உண்மையான பனி கொட்டிக்கிடக்கும். உள்ளே நான் மாவை மிதித்துக்கொண்டிருப்பேன். உண்மையான பனியை உள்ளே கொண்டுவந்தால் அது உருகித் தண்ணீர்ச் சத்தம் போடும். எலும்பு முறிவதற்கு வெள்ளைக்காரர் செலரித் தண்டை முறிப்பார்கள். நான் முருங்கைக்காயைக் கொண்டுபோனேன். மதாம் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, செலரியைக் குப்பைக்குள் போடச் சொன்னார். முறித்த காயை வீட்டுக்குக் கொண்டுவருவேன். வசந்தி கறிச்சட்டியை அடுப்பில் வைத்துக்கொண்டே, "இண்டைக்கு ஆற்றை கை முறிஞ்சது?" என்று கேட்பாள்.

கூடத்தின் நடுவில் தரை துண்டு துண்டாக இருக்கும். ஒரு குழிக்குள் பலகை, அடுத்ததற்குள் கல், அடுத்ததற்குள் சரளை, பிறகு மணல். சுவரோரம் சப்பாத்துகள் அடுக்கியிருக்கும். வெளியில் போட்ட சப்பாத்தோடு எவரும் உள்ளே வரக்கூடாது. ஒரு சிறு கல் ஒட்டிக்கொண்டு வந்தாலும் அரண்மனைத் தரை சரளைப் பாதையாகிவிடும். அதற்காக வாசலில் ஒரு வாங்கு போட்டிருந்தார் மதாம். மேயரே வந்தாலும் அதில் குந்திக் கழற்றிவிட்டுத்தான் வர வேண்டும்.

மதாமின் முறை இதுதான். நான் நடக்கும்போது திரைக்கு முதுகைக் காட்டி நிற்பார். வலது உள்ளங்கையைச் சுவரில் வைத்திருப்பார், கண் மூடியிருக்கும். நடை பொய் என்றால் அந்தக் கை சுவரை விட்டு எழும்பும். "என்ன நடை இது? செத்தவீட்டுக்கோ போறீர்? அவர் வங்கியைக் கொள்ளையடிக்கப் போறார்!" நடை சரி என்றால் "கொரெக்ட்" என்று ஒரு சொல். அதற்கு மேல் பாராட்டு அவருடைய அகராதியில் இல்லை. எனக்குச் சொல்லித்தந்த சூத்திரமும் ஒன்றே ஒன்று. காலைப் பார்க்காதே, தோளைப் பார். படத்தில் பாதிநேரம் கால் தெரியாது. ஆனால் ஒவ்வொரு அடிக்கும் தோள் இறங்கி ஏறும். முப்பது வருடம் அந்தச் சூத்திரம் எனக்குச் சோறு போட்டது. ஒரேயொரு தடவை காலை வாரிவிட்டது.

இனி ஐஸ்காரன். பேசும்படம் வந்த புதிதில் எடுத்த ஹொலிவூட் குற்றப்படம். பெயரைச் சொல்லக்கூடாது என்று அப்போதே கையெழுத்து வாங்கிவிட்டார்கள், அதனால் ஐஸ்காரன் படம் என்றே வைத்துக்கொள்வோம். மதுவிலக்குக் காலம். பகிரங்கத்தில் ஐஸ்கட்டி விற்கும் ஒரு ரவுடி, வண்டியில் ஐஸுக்குக் கீழே மொன்றியலில் இருந்து சாராயம் கடத்துகிறான். கூட்டாளியைச் சுடுகிறான். ஒளிந்துகொள்ள அம்மா வீட்டுக்குப் போகிறான். பொலிஸ் சூழ்கிறது. தெருவில் ஓடிவந்து, கவிழ்ந்த ஐஸ் வண்டிக்குப் பக்கத்தில் விழுந்து சாகிறான். கடைசிக் காட்சியில் அவனுடைய இரண்டு சப்பாத்தின் அடிப்பக்கமும் திரை நிறையத் தெரியும். சுற்றிலும் ஐஸ் உருகி ஓடும்.

அந்தப் படத்தை முதன்முதலாகக் கெபெக் பிரெஞ்சில் டப்பிங் செய்ய ஒரு கலிபோர்னியா நிறுவனம் நினைத்தது. பழைய படங்களில் பேச்சும் சத்தமும் ஒன்றாகவே பதிவாகியிருக்கும். குழம்பிலிருந்து உப்பை மட்டும் எடுக்க முடியுமா? ஆங்கிலப் பேச்சை எடுத்தால் கதவு, கண்ணாடி, காலடி எல்லாமே போய்விடும். அத்தனையையும் புதிதாகப் போட வேண்டும். இந்தப் படத்திலோ பழைய சத்தமே பெரிதாக இல்லை. மைக்கை ஒரு பூச்சாடிக்குள் ஒளித்துவைத்து எடுத்திருந்தார்கள். கொலைகாரன் உட்பட எல்லோரும் பூச்சாடிக்கு முன்னால் வந்து நின்றுதான் பேசினார்கள். மிச்சமெல்லாம் பப்படம் பொரிக்கிற சத்தம்.

ராகவனும் நானும் முதல்முறை பார்த்தபோது, முடிவில் வாய்விட்டுச் சிரித்துவிட்டோம். ஓடிவரும் நாயகன், பொலிஸ்காரரின் துப்பாக்கியில் நெருப்புத் தெரிவதற்கு முன்னமே விழுந்துவிடுகிறான்! சுடாமலே சாகிறான். உலகம் முழுக்க அந்த இடத்தில் சனம் சிரிப்பதாகவும், அது கொம்பனிக்குப் பெரிய வெட்கம் என்றும் பிறகு கேள்விப்பட்டோம்.

ஆனால் மதாம் சிரிக்கவில்லை. அந்த வருடம் வேலை வற்றிப்போயிருந்தது. பக்கத்து மருந்துக் கிடங்கின் மனேச்சர் அளவு நாடாவோடு வந்து, "சும்மா பார்க்கிறன், மதாம்" என்று எங்கள் சுவரை அளந்துவிட்டுப் போயிருந்தார். இந்தப் படம் ஏற்கப்பட்டால் அந்தக் கொம்பனியின் மற்றக் குற்றப்படங்களும் எங்களுக்கே வரும். திருப்பி அனுப்பப்பட்டால் கூடத்தின் கதவுத் திறப்பைக் கிடங்குக்காரரிடம் கொடுப்பதாக மதாம் முடிவெடுத்திருந்தார். நான் கன்னியாஸ்திரியாக நடந்த கல்தரையில் இருமல் மருந்துப் பெட்டிகளை அடுக்குவார்கள். மதாம் அந்தக் கூடத்தைத் தவிர வேறெதையும் வாழ்க்கையில் வைத்திருக்கவில்லை. ஒரு பூனையை வைத்திருந்தார், அதுவும் சத்தம் போடாத பூனை.

ஐஸ்காரனுக்காகப் பழைய உடுப்புக் கடையில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு தோல்சப்பாத்து வாங்கினேன். என் காலைப்போல ஒன்றரைக் கால் உள்ளே போகும். முன்பக்கத்தில் துணி அடைத்துப் போட்டேன். போட்டதும் எனக்கே என்னைப் பார்த்துப் பயம் வந்தது. படம் முழுக்க அவனாக நடந்தேன், குடித்தேன், கதவை உதைத்தேன். பிறகு அம்மா வீட்டுக் காட்சி வந்தது.

காட்சி இடுப்புக்கு மேலேதான். மரப்படியில் தடதடவென்று ஏறுகிறான். கதவு திறக்கிறது. அம்மா இடுப்பில் கையை வைத்து முறைத்துக்கொண்டு நிற்கிறா. அவன் தொப்பியைக் கழற்றி, தாழ்வான கதவு நிலைக்குக் கீழே குனிகிறான். தோள் முன்னால் சரிகிறது. நான் தோளைத்தானே பார்ப்பவன்! நானும் குனிந்தேன். குனிந்ததும் என் கை தன்பாட்டில் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தது. மிச்சக் காட்சி முழுக்க வெறுங்காலோடு பலகையில் நடந்தேன்.

நான் கவனிக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹெட்போனோடு இருந்த ராகவனும் கவனிக்கவில்லை. பிறகு கேட்டபோது, "நடிகர் அழறாரு, அம்மா அழறாங்க. எனக்கு எல்லாமே கரெக்டா இருந்துச்சு சார். அம்மா வீட்டுக்குள்ள ஷூவோட போவானா?" என்றான். கை சுவரில், கண் மூடி நின்ற மதாமும் கவனிக்கவில்லை. அது பெப்ரவரி. இந்த ஊரில் பெப்ரவரியில் பனிச் சப்பாத்தோடு ஒரு வீட்டுக்குள் ஏறினால் பெற்ற பிள்ளையையும் வெளியே தள்ளுவார்கள். கை சுவரை விட்டு எழும்பவில்லை. "கொரெக்ட்," என்றார்.

கலிபோர்னியாவில் இருந்து மிஸ்டர் பிராட்லி வந்தார். கொம்பனியின் ஆள். பார்த்து, கேட்டு, ஓம் அல்லது இல்லை சொல்லிவிட்டு மாலை விமானத்தில் திரும்ப வேண்டும். மதாம் அன்றைக்கு உதட்டுச் சாயம் பூசியிருந்தார். நானும் ராகவனும் அதைப் பார்த்துத்தான் முதலில் பயந்தோம். பிராட்லியை வாசல் வாங்கில் இருத்தி, சப்பாத்தைக் கழற்றச் சொன்னார். அவருடைய இடது காலுறையில் ஓட்டை. பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்து எல்லோருக்கும் வணக்கம் சொன்னது.

படம் ஓடியது. ஐஸ்காரன் மொன்றியலின் ரொக்ஸ்பரோ பஸ் சாரதி போலப் பிரெஞ்சு பேசினான். பிராட்லி தலையாட்டிக்கொண்டே இருந்தார். அம்மா வீடு வந்ததும் கையைத் தூக்கினார். படம் நின்றது. அவர் ஏதோ கேட்டார். எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று எத்தனை முறை சொன்னாலும் ராகவன் என் காதில் சென்னைத் தமிழில் ஓதாமல் விடமாட்டான்.

"சார், இவன் ஏன் வெறுங்கால்ல நடக்கறான்னு கேக்கறார்."

அப்போதுதான் என் மூளைக்குள் அந்தச் சத்தம் ஏறியது. வாசல்வரை தடதட. வாசலுக்குப் பிறகு பூனை. நான் ராகவனைப் பார்த்தேன். ராகவன் தரையைப் பார்த்தான். இரண்டு தமிழருமாகச் சேர்ந்து ஒரு அமெரிக்க ரவுடியை வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்ற வைத்துவிட்டோம்.

மன்னிப்புக் கேட்க நான் வாயைத் திறந்தேன். மதாம் தன் ஆங்கிலத்தோடு முந்திக்கொண்டார்.

"வேணுமெண்டுதான் செய்தனாங்கள்," என்றார்.

"அமெரிக்காவில எவனும் அப்டி கழட்ட மாட்டான்னு சொல்றார் சார்," என்றான் ராகவன்.

"உவன் சாராயத்தை எங்கையிருந்து கொண்டுபோறவன்?" மதாம் பிராட்லியைக் கேட்டார்.

மொன்றியலில் இருந்து என்று பிராட்லி ஒப்புக்கொண்டார்.

"எந்தக் காலத்தில?"

படத்தின் மொன்றியல் காட்சிகளில் எங்கும் பனிதான்.

"அப்ப இஞ்ச எத்தினை வீடு ஏறி இறங்கியிருப்பான்! ஒரு வீட்டிலயாவது சப்பாத்தோட விட்டிருப்பினமோ? பழகினவன். பழகினதை அம்மா வீட்டில செய்யிறான். நீங்கள் இப்ப என்ன செய்துபோட்டு இருக்கிறியள்?"

பிராட்லி குனிந்து தன் பெருவிரலைப் பார்த்தார். பெருவிரல் மறுத்துப் பேசவில்லை. பிறகு ஓம் என்று தலையாட்டினார். நான் மூச்சு விட்டேன். பாதிதான் விட்டேன்.

"ஆனா கடைசி ஷாட்டுல ஷூ போட்டிருக்கானேன்னு கேக்கறார் சார்."

திரை நிறையத் தெரியும் அந்த இரண்டு சப்பாத்து அடிகள்! பக்கத்துக் கிடங்கில் ஏதோ பெட்டியை இழுக்கும் சத்தம் சுவர் வழியாகக் கேட்டது. மதாமின் கை போய்ச் சுவரில் ஒட்டியது.

"நீங்கள் கோப்பி குடியுங்கோ. அந்தப் பகுதி இன்னும் முடியேல்லை," என்றார் பிராட்லியிடம். முகத்தில் ஒரு மயிரிழைகூட அசையவில்லை.

மூவரும் உள்ளே போனோம். ராகவன் மெதுவாக, "பேசாம அம்மா வீட்ல ஷூவோடயே நடந்துடுங்க சார். ரெண்டு நிமிஷ வேலை," என்றான். மதாமுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ராகவனின் முகம் தெரியும்.

"கழட்டினவன் எண்டு நான் சொல்லிப்போட்டன். கழட்டினவன் கழட்டினவன்தான். எப்ப திரும்பப் போட்டவன் எண்டு தேடும், முசியே தவா."

முசியே தவா என்பது நான்தான். தவராசா முழுவதையும் சொல்ல அவருக்கு நேரமில்லை.

தேடினோம். அம்மா பூச்சாடிக்கு முன்னால் நின்று அழுதுகொண்டிருக்கிறா. பின்னால் இவன் ஜன்னலால் எட்டிப் பார்க்கிறான். பொலிஸ் தெரிந்ததும் குனிகிறான், திரைக்குக் கீழே முழுதாக மறைகிறான். எழும்புகிறான். மறுபடி குனிகிறான். இரண்டு குனிவு, இரண்டு சப்பாத்து! நான் மைக்கைத் தரைக்கு இறக்கினேன். முதல் குனிவில் இடதுகாலைத் திணித்தேன், தோல் முனகியது. இரண்டாவதில் வலதுகால். குதி உள்ளே இறங்கும் 'டொக்' அம்மாவின் விம்மலுக்குச் சரியாகக் கீழே விழுந்தது. லேஸில் கை வைப்பதற்குள் அவன் எழும்பிவிட்டான்.

"லேஸ் கட்ட டைமே இல்ல சார்!" கண்ணாடிக்கு அந்தப் பக்கத்தில் இருந்து ராகவன் அலறினான்.

"கட்டாமல் ஓடும்!" என்றார் மதாம்.

ஓடினேன். கல்தரையில், தொப்பையும் நானுமாக, ஒன்றரை மடங்கு பெரிய சப்பாத்தில், லேஸ் நுனிகள் இரண்டு பக்கமும் 'டிக் டிக்' என்று கல்லில் அடிக்க அடிக்க ஓடினேன். திரையில் அவனுடைய தோள் ஒரு பக்கம் சரிவதற்கும், என் வலதுகால் இடதுகால் லேஸை மிதிப்பதற்கும் சரியாக இருந்தது. லேஸ் இழுபட்ட 'சர்ர்', பிறகு நான் முழுதாகக் கல்தரையில். அவ்வளவுக்கும் பிறகுதான் திரையில் துப்பாக்கி நெருப்புத் தெரிந்தது.

முகங்குப்புறக் கிடந்தபடியே எனக்கு விளங்கியது. அத்தனை வருடமாக உலகம் சிரித்த பிழைக்குக் காரணம் கிடைத்துவிட்டது. அவன் சுடுபட்டு விழவில்லை. லேஸ் தடக்கி விழுந்தான், விழுந்த பிறகுதான் சுட்டார்கள்.

முழங்கால் தோல் உரிந்திருந்தது. மதாம் அதைப் பார்க்கவில்லை. "இன்னொருக்கா," என்றார். "இந்த முறை ஓடேக்க அம்மாவை நினைச்சு ஓடும்." இன்னொருக்காவும் விழுந்தேன்.

பிராட்லியைக் கூப்பிட்டு இருத்தினார்கள். வாசலில் கழற்றினான். அம்மா அழுதா. ஒரு குனிவு, மறு குனிவு. லேஸ் கட்டாமல் தெருவுக்கு ஓடினான். டிக் டிக் டிக். விழுந்தான். பிறகு சுட்டார்கள். ஐஸ் உருகியது. இரண்டு சப்பாத்து அடிகளும் திரையில் நின்றன, பக்கத்தில் அவிழ்ந்த லேஸின் நிழல்கூடத் தெரிவதுபோல எனக்கு ஒரு பிரமை.

எவரும் சிரிக்கவில்லை. பிராட்லி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏதோ சொன்னார். ராகவன் என் காதுக்குக் குனிந்தான்.

"அம்மாவுக்கு மரியாத குடுக்காம இருந்திருந்தா பொழச்சிருப்பான்னு சொல்றார் சார்."

பிறகு பிராட்லி எழும்பி மதாமின் கையைப் பிடித்து, மற்றப் படங்களை எப்போது அனுப்பலாம் என்று கேட்டார். மதாம் நாட்காட்டியைப் பார்ப்பதுபோல ஒரு பாவனை காட்டினார். நாட்காட்டி முழுக்க வெள்ளையாகத்தான் இருந்தது.

வாசல் வாங்கில் குந்தி, பிராட்லி தன் சப்பாத்தைப் போட்டார். லேஸைக் கட்டினார். எழும்பி இரண்டடி வைத்தார், திரும்பி வந்து குந்தினார். அவிழ்த்து, இறுக்கி, இரட்டை முடிச்சுப் போட்டார். அதற்குப் பிறகுதான் பனிக்குள் இறங்கினார். அவருடைய கார்வரைக்கும் மதாம் கண்ணை மூடி அந்த நடையைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"கொரெக்ட்," என்றார். எனக்குச் சொன்னாரா, பிராட்லிக்குச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது.

மருந்துக் கிடங்கு பிறகு மறுபக்கமாகத்தான் பெருத்தது. நான் ஓய்வுபெற்ற அன்று மதாம் எனக்கு ஒரு பெட்டி தந்தார். உள்ளே கறுப்பும் வெள்ளையுமான அந்தச் சப்பாத்து, லேஸ் கட்டாமல். வரவேற்பறைக் கண்ணாடி அலுமாரிக்குள் வைக்கலாம் என்று ஆசையோடு கொண்டுவந்தேன்.

"உந்தப் பெட்டியை உள்ளுக்குக் கொண்டு வராதையுங்கோ!" வசந்தி படியிலேயே மறித்தாள். "எத்தினை கொலை செய்த சப்பாத்து!"

அதனால் அது வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் இடையில் நிற்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் தங்கள் சப்பாத்தைக் கழற்றும்போது, அந்தப் பெரிய சோடியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

"ஆர் வந்திருக்கினம், அக்கா?"

"ஒருத்தருமில்லை," என்பாள் வசந்தி. "அது எங்கட பெடியன். தாயைப் பார்க்க வந்தவன்."